டி.சி. இல்லாமல் முகாம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க முடியுமா?

கேள்வி: இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் வந்து மண்டபம் அகதி முகாமில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. தரம் 6 வரை படித்தான், பிறகு படிப்பு விட்டுப்போயிற்று. மகளுக்கு 9. வந்த அவசரத்தில் பழைய பள்ளியிலிருந்து விடுகைப் பத்திரம் (இங்கே டி.சி., மாற்றுச் சான்றிதழ்) எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழின் படம் கைப்பேசியில் மட்டும் இருக்கிறது. பள்ளியில் டி.சி.யும் ஆதாரும் கேட்கிறார்கள். அப்படியே சேர்த்தாலும் மகனை ஐந்தாம் வகுப்பில்தான் போடுவோம் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பள்ளி சேர்த்தே ஆக வேண்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 'குழந்தை' என்பதற்கு 6 முதல் 14 வயது என்று மட்டும்தான் இலக்கணம் சொல்கிறது. எந்த நாட்டுக் குழந்தை என்று கேட்கவில்லை. அரசியலமைப்பின் 21ஏ பிரிவும் அப்படித்தான். குடிமக்களுக்கு மட்டும் என்றால் 19ஆம் பிரிவில் இருப்பதைப்போல 'குடிமக்கள்' என்றே எழுதியிருப்பார்கள். இங்கே 'எல்லாக் குழந்தைகளுக்கும்' என்றுதான் இருக்கிறது. அகதிகள் குறித்த 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லையே என்று அலுவலகங்களில் யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பள்ளிச் சேர்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மியான்மரிலிருந்து வந்து டெல்லியில் இருக்கும் ரோஹிங்யா அகதிப் பிள்ளைகள் விஷயத்தில்கூட, நேரே அரசுப் பள்ளிக்குப் போய்ச் சேரக் கேளுங்கள், மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்கு வாருங்கள் என்றுதான் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, காகிதங்கள். டி.சி. வரத் தாமதம் என்று காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது சட்டத்தின் 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. பெற்றோர் கையெழுத்திட்டுத் தரும் வயது உறுதிமொழியே போதும். ஆதார் இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் 2018 ஆதார் தீர்ப்பிலேயே இருக்கிறது. இங்கே கல்வியாண்டு தொடங்குவது ஜூனில். நடுவில் வந்தாலும் சேர்க்கை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது, அதற்கு 15ஆம் பிரிவு.

நீங்கள் அசராமல் நிற்க வேண்டிய இடம் மகனின் வகுப்புதான். பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. 13 வயதுக்கு இங்கே எட்டாம் வகுப்பு. விட்டுப்போன பாடங்களை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி கொடுப்பது அரசின் பொறுப்பு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுப்பவர்களும் அவர்கள்தான். உங்கள் மகன் பெயர் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு என்று பள்ளி சொல்வதற்கு, கேள்வி கேட்டுப் பார்த்தோம், பதில் வரவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அங்கே படித்த பிள்ளை 'முக்கோணி' என்பான், இங்கே 'முக்கோணம்'. அவனுக்கு ஒட்சிசன், இவர்களுக்கு ஆக்ஸிஜன். பாடத்தின் பெயரே அங்கே விஞ்ஞானம், இங்கே அறிவியல். இரண்டும் தமிழ்தான், ஆனால் பயந்துபோய் நிற்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் அது பிடிபடாது. 'ஆக்ஸிஜனின் குறியீடு என்ன?' என்று கேட்டால் விழிப்பான், ஒட்சிசன் என்று கேளுங்கள், பட்டென்று சொல்வான். இதை ஆசிரியரிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். அதையும் மீறி பத்து வயதுப் பிள்ளைகள் நடுவில் இவனை உட்கார வைத்தால் எத்தனை நாள் போவான்? முகாம்களில் பெயிண்ட் வேலைக்கு ஆள் எப்போதும் தேவை, கூலியும் அன்றைக்கே கையில். ஒருமுறை அந்தப் பக்கம் போய்விட்ட பையனைத் திருப்பிக் கூட்டி வருவது பெரும்பாடு.

நாளையும் தள்ளாதீர்கள். இப்படி வயதுக்குரிய வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு 14 தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இந்தச் சட்டம் துணை நிற்கும். சேர்வதற்கு முன்பே 14 முடிந்துவிட்டால், சட்டத்தைக் காட்டிப் பேசுவது கஷ்டம். மகளுக்கு நான்காம் வகுப்பு, அவளால் சிக்கல் வராது.

அப்புறம், பெயர். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. உங்கள் ஊரில் தகப்பன் பெயரை முழுதாக முன்னால் எழுதுவார்கள். இங்கே அது ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும். சேர்க்கைப் படிவத்தை அவசரத்தில் நிரப்பும்போது தகப்பன் பெயர் பிள்ளையின் பெயராகவே ஏறிவிடுவதுண்டு. முகாம் பதிவில் 'சிவகுமார்', பள்ளியில் 'சிவக்குமார்', ஆங்கிலத்தில் வேறொன்று என்று ஆகும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அப்படியே அச்சாகிவிட்டால் திருத்துவது பெரிய அலைச்சல். நாளைக்கு நாடு திரும்பினாலும் அங்குள்ள அலுவலகத்தில் 'இது வேறு ஆள்' என்பார்கள். ஆகவே படிவத்தை நீங்களே எழுத்துக்கூட்டி வாசித்துப் பாருங்கள். எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் எப்படி ஏறியிருக்கிறது என்று ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். ஊரில் உறவினர் இருந்தால் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் சான்றுப்பிரதியும், பழைய பள்ளியின் அதிபரிடம் (தலைமையாசிரியரிடம்) விடுகைப் பத்திரமும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். சேர்க்கை அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பள்ளிப் படிப்பு முகாம் பதிவைப் பொறுத்ததல்ல. கல்லூரிக்கான உதவிகள் அப்படி இல்லை. 2021இல் அரசு அறிவித்த, மதிப்பெண் அடிப்படையில் 50 பொறியியல் மாணவர்களின் கட்டணத்தை ஏற்கும் திட்டமெல்லாம் முகாமில் வாழ்வோருக்கென்று வந்தவை. மகன் பத்தாம் வகுப்பைத் தொடுவதற்குள் உங்கள் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று முகாம் தனி வட்டாட்சியரிடம் கேட்டு வையுங்கள்.

இனி நேரே செய்ய வேண்டியது. வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் கொடுங்கள், இரண்டு பிரதி. ஒன்றில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். ஒரு வாரம் பாருங்கள், நடக்கவில்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் அதே மனு. 14417 என்ற கல்வி உதவி எண்ணும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டமும் இருக்கின்றன. மனு நீளமாக இருக்க வேண்டாம், இவ்வளவு போதும்:

'என் மகனுக்கு 13 வயது. தரம் 6 வரை இலங்கையில் படித்தான். கல்வி உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டுகிறேன். வயது உறுதிமொழி இணைத்துள்ளேன். சேர்க்க இயலாது எனில் காரணத்தை எழுத்தில் தரவும்.'