அறைப் பக்கத்து வைஃபை பெட்டிகள் கன்ட்ரோலரில் வரவே இல்லை!

கேள்வி: பாசிக்குடாவில் ஒரு விடுதியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். அலுவலகக் கணினியில் யூனிஃபை கன்ட்ரோலர் (வைஃபை பெட்டிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறோம், ஐபி 192.168.10.5. அதே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு பிரிவில்) மாட்டிய 2 அக்சஸ் பொயின்டும் (வைஃபை பெட்டியும்) உடனே வந்துவிட்டன. அறைகள் பக்கம் 192.168.20 சப்நெட். அங்கே மாட்டிய 6 பெட்டிகளும் ஐபி எடுக்கின்றன, ஆனால் கன்ட்ரோலரில் ஒன்றுகூடத் தெரியவில்லை. மூன்று முறை ரீசெட் செய்தும் பார்த்துவிட்டேன். பெட்டிகள் பழுதா அண்ணா?
- வாசகர், வாழைச்சேனை

பதில்: பழுதில்லை தம்பி, இனி ரீசெட் செய்ய ஏணியில் ஏற வேண்டாம். புதுப் பெட்டி உயிர் வந்ததும் கன்ட்ரோலரைத் தேடித் தன் சப்நெட்டுக்குள் மட்டும்தான் கூப்பிடும், அந்தச் சத்தத்தை ரவுட்டர் அடுத்த சப்நெட்டுக்குக் கடத்தாது. அதனால் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அறைப் பக்கத்துக் கேபிள் போர்ட்டில் லேப்டொப்பைச் செருகி, 192.168.10.5க்கு 8080 என்ற போர்ட் எண்ணில் டெல்நெட் (ஒரு போர்ட் எண் திறந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் கட்டளை) போட்டுப் பாருங்கள். பிங் போனால் மட்டும் போதாது. கல்முனையில் ஒரு இரண்டு மாடிக் கடையில் இதே சிக்கலுக்கு ஒரு முழு நாள் ரவுட்டரையே நோண்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் கன்ட்ரோலர் இருந்த கணினியின் விண்டோஸ் ஃபயர்வோல்தான் அடுத்த சப்நெட்டிலிருந்து வந்ததையெல்லாம் மறித்திருந்தது. அந்த ஃபயர்வோலில் டிசிபி 8080, யூடிபி 3478 என்ற போர்ட் எண்கள் இரண்டையும் திறந்துவிடுங்கள்.

சரி, இப்போது முகவரி. 6 பெட்டிகளுக்கு டிஎச்சிபியின் (தானாக ஐபி கொடுக்கும் சேவையின்) ஒப்ஷன் 43தான் நல்ல வழி, ஐபி கொடுக்கும்போதே கன்ட்ரோலரின் முகவரியும் சேர்ந்து போய்விடும். அதை 16இன் அடிப்படை எண்ணில் எழுத வேண்டும், பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதலில் 01, பிறகு 04 (பின்னால் நான்கு பைட் வருகிறது என்று பொருள்), அப்புறம் ஐபி: 192 என்றால் சி0, 168 என்றால் ஏ8, 10 என்றால் 0ஏ, 5 என்றால் 05. ஆக 0104சி0ஏ80ஏ05, எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் அடியுங்கள். மைக்ரோடிக் ரவுட்டர் என்றால் முன்னால் 0எக்ஸ் சேர்க்க வேண்டும். இதை 20 சப்நெட்டின் டிஎச்சிபியில் போட்டுவிட்டு, பிஓஇ சுவிட்சில் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே பெட்டிகளுக்கு மின்சாரமும் கொடுக்கும் சுவிட்சில்) அந்தப் பெட்டிகளின் போர்ட்டுகளை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள்.

ஒரு பெட்டியில் மட்டும் சோதித்துப் பார்க்க நினைத்தால், எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) வழியாக உள்ளே போய் செட்-இன்ஃபோர்ம் கட்டளையில் கன்ட்ரோலரின் ஐபியும் 8080 போர்ட்டும் சேர்ந்த இன்ஃபோர்ம் முகவரியைக் கொடுக்கலாம். ரீசெட் செய்த பெட்டிக்குப் பெயர், கடவுச்சொல் இரண்டும் பெரும்பாலும் யுபிஎன்டிதான் (ஆங்கிலச் சின்ன எழுத்தில் ubnt).

பெட்டி பட்டியலில் வந்து, அடொப்ட் (பெட்டியைக் கன்ட்ரோலரோடு சேர்க்கும் பொத்தான்) அழுத்திய பிறகு மறுபடி காணாமல் போனால் பயப்பட வேண்டாம். அந்தக் கணினிக்கு இரண்டு நெட்வொர்க் கார்ட் இருந்தால் கன்ட்ரோலர் பிழையான ஐபியைத் தன் முகவரி என்று பெட்டிக்குச் சொல்லிவிடும். செட்டிங்ஸில் இன்ஃபோர்ம் ஹோஸ்ட் என்ற இடத்தில் 192.168.10.5ஐ நீங்களே எழுதிவிடுங்கள். அந்தக் கணினியின் ஐபியை நிரந்தரமாக்கியும் வையுங்கள், நாளை அது மாறினால் 6 பெட்டிகளும் பழைய முகவரியைத்தான் தட்டிக்கொண்டிருக்கும்.