கண்ணகியின் பொய்ச்சிரிப்பு

கேள்வி: என் மகள் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் படிக்கிறாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் பாத்திரப் படைப்பு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் விற்கும் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து ‘பொறுமையின் வடிவம், கற்பின் கனலி, வீரத்தின் விளைநிலம்’ என்று மூன்று துணைத்தலைப்பு போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு சந்தேகம். புகாரில் வாயே திறக்காத பெண், மதுரைக்குப் போனதும் ஊரை எரிக்கிறாள் என்றால் எப்படி நம்புவது? இளங்கோவடிகள் பாத்திரத்தை ஒழுங்காக வளர்க்கவில்லை என்பது என் கட்சி. கருப்பொருளோ பதிகம் என்கிற முன்னுரையிலேயே பட்டியலாக இருக்கிறது. அதில் ஆராய என்ன மிச்சம்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் மகள் எழுதியதும் தவறு, நீங்கள் சொல்வதும் தவறு. அவளையாவது சின்னப் பெண் என்று விட்டுவிடலாம்.

முதலில் அந்த மூன்று துணைத்தலைப்புகள். இவை பட்டங்கள். மேடையில் பொன்னாடை போர்த்துகிற மாதிரி. போர்த்தி முடித்ததும் உள்ளே இருக்கும் ஆள் தெரிவதில்லை. நானும் படிக்கிற காலத்தில் ஒரே விடைத்தாளில் ‘கற்பின் கனலி’யை எத்தனை இடத்தில் எழுதினேன் என்று எண்ணினால் வெட்கமாக இருக்கும். மதிப்பெண் வந்தது, அதை மறைப்பானேன். ஆனால் அந்த விடைத்தாளில் கண்ணகி இல்லை. மெரினாவில் 1968இல் வைத்து, 2001இல் எடுத்து, 2006இல் திரும்ப வைத்தார்களே, அந்தச் சிலைதான் இருந்தது. சிலைக்கு ஒரு முகம்தான் கொடுக்க முடியும். காப்பியத்துக்கு அந்தச் சங்கடம் கிடையாது.

இப்போது உங்கள் கட்சிக்கு வருவோம். ‘வாயே திறக்காத பெண்’ என்கிறீர்கள். இரண்டாம் காதையை, அதாவது காப்பியத்தின் இரண்டாம் பகுதியை, மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். பதினாறு வயதுக் கோவலன் பன்னிரண்டு வயதுக் கண்ணகியை ‘மாசறு பொன்னே வலம்புரி முத்தே’ என்று பாராட்டிக்கொண்டே போகிறான். ‘உலவாக் கட்டுரை’ என்று கவியே சொல்கிறார், முடியாத பேச்சு. அவள் ஒரு வார்த்தை பதில் சொன்னதாக அங்கே இல்லை. அடுத்த காதையில் இந்த மகாபேச்சாளர், கூனி ஒருத்தி தெருவில் நின்று விலை கூறிய 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையை வாங்கிக்கொண்டு மாதவி வீட்டுக்குள் போய்விடுகிறார். பேசியவனும் பேசாதவளும் எப்படிப்பட்டவர்கள் என்பதை இரண்டு காதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே இளங்கோ சொல்லிவிட்டார். விளக்கவுரை எதுவும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கண்ணகி என்ன ஆனாள் என்பதை நான்காவதான அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் பாருங்கள். அவள் இழந்தவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார் கவி. காலில் சிலம்பு இல்லை, இடையில் மேகலை இல்லை, நெற்றியில் திலகம் இல்லை. எல்லாம் அவளுடைய இழப்பு. நடுவில் ஒன்று மட்டும் ஆள் மாறி வருகிறது: ‘தவள வாள்நகை கோவலன் இழப்ப’. அவளுடைய வெள்ளைச் சிரிப்பை இழந்தவன் கோவலன்! கண்ணகியின் சிரிப்பு அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது, நஷ்டம் அவனுக்கு என்று ஒரே வரியில் கணக்கு எழுதிவிட்டார். இந்தச் சிரிப்பையும் அந்தச் சிலம்பையும் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் காதை, கனாத்திறம். தோழி தேவந்தியிடம் தான் கண்ட கனவைச் சொல்கிறாள் கண்ணகி. ஏதோ ஒரு பெரிய ஊருக்குப் போனோம், பொய்ப்பழி சுமத்தினார்கள், கோவலனுக்குத் தீங்கு என்று காதில் விழுந்தது. அப்புறம்? ‘காவலன் முன்னர் யான் கட்டுரைத்தேன்’. அரசன் முன்னால் நான் வழக்காடினேன் என்று, புகாரில் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறாள் நீங்கள் ‘வாயே திறக்காத பெண்’ என்று எழுதியவள். ஊருக்கும் தீங்கு வந்தது, அதைச் சொல்ல மாட்டேன் என்று அங்கேயே நிறுத்தியும் கொள்கிறாள். மதுரை எரிவதற்கு முன்பே அவளுக்குள் ஒரு முறை எரிந்துவிட்டது ஐயா. வழக்குரை காதையில் ‘தேரா மன்னா’ என்று அவள் ஆரம்பிக்கும்போது அது புதுக்குரல் என்று சொன்னால் ஒன்பதாம் காதையை நீங்கள் புரட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

அதே காதையில் தேவந்தி ஒரு யோசனை சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் முழுகிக் காமவேள் கோட்டத்தில் தொழு, கணவன் கிடைப்பான். நம் ஊரில் இன்றைக்கும் இப்படி ஒரு தோழி வீட்டுக்கு வீடு உண்டு. கண்ணகியின் பதில் ஒரே சொல்: ‘பீடன்று’. பெருமை இல்லை, எனக்கு வேண்டாம். பொறுமை என்று குறிப்புப் புத்தகம் சொல்கிற குணத்துக்கு அடியில் இருப்பது இந்தப் பீடுதான். கெஞ்ச மாட்டாள், பரிகாரம் செய்ய மாட்டாள், ஆள் அனுப்ப மாட்டாள். அடக்கம் மாதிரி வெளியே தெரிகிறது. உள்ளே பார்த்தால் தலை குனியாத ஒருத்தி.

உடனே கோவலன் வந்து நிற்கிறான், குலத்தார் சேர்த்த செல்வமெல்லாம் தொலைந்தது, வறுமை வெட்கமாக இருக்கிறது என்று. அவள் ‘நலங்கேழ் முறுவல் நகைமுகம் காட்டிச் சிலம்புள கொண்ம்’ என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் தயங்குகிறான் என்று நினைத்தே சிலம்பை நீட்டினாள் என்று பொருள் சொல்வதுண்டு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நான்காம் காதையில் காணாமல் போன சிரிப்பும் சிலம்பும் இங்கே ஒன்றாகத் திரும்பி வருகின்றன. சிரித்தாள் என்று சொல்லாமல் நகைமுகம் ‘காட்டி’ என்று எழுதியிருக்கிறார் கவி. அந்தச் சிரிப்பு நிஜமாகவும் இருக்கலாம். போன கணவன் வாசலில் நிற்கிறானே. ஆனால் பதினாறாம் காதையைப் படித்த பிறகு என்னால் அதை முழுதாக நம்ப முடியவில்லை.

அந்தப் பதினாறாவதுதான் கொலைக்களக் காதை. மதுரையில் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த இடையர்குலப் பெண் மாதரியின் வீட்டில் கண்ணகி சமைத்துப் போட்டிருக்கிறாள், அவன் சாப்பிட்டு முடித்து மனம் உருகிப் பேசுகிறான். எழு என்றதும் எழுந்து வந்தாயே, என்ன காரியம் செய்தாய் என்கிறான். இந்த இடத்தில் ‘பரவாயில்லை அத்தான்’ வகையறாவாக ஒரு பதிலை நம் சினிமாக்காரர்கள் எழுதியிருப்பார்கள். இளங்கோவின் கண்ணகி கணக்கைத் திறக்கிறாள். அறவோர்க்கு அளிக்கவும் துறவோரை எதிர்கொள்ளவும் விருந்தினரை வரவேற்கவும் முடியாமல் போன என்னை உன் பெற்றோர் வந்து பார்த்தார்கள், அன்பாகப் பேசினார்கள், நான் உள்ளே ஒளித்து வைத்த நோயை என் ‘வாயல் முறுவல்’ காட்டிக்கொடுத்தது, அவர்கள் உள்ளம் வருந்தியது. வாயல் முறுவல் என்றால் மெய்யல்லாத சிரிப்பு. தான் பொய்ச்சிரிப்பு சிரித்த கதையைத் தன் வாயாலேயே சொல்கிறாள். மூச்சு விடாமல் அதே வாக்கியத்தில் அடுத்த சொல்: ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’. பெரியவர்கள் மதிக்காத காரியத்தைச் செய்தீர்கள்.

‘புரிந்தீர்’ என்ற மரியாதையைக் கவனியுங்கள். மரியாதை குறையாமல் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டுகிறாள். கணவன் உயிரோடு இருந்து கேட்ட கடைசிச் சொற்களில் இதுவும் ஒன்று. நான்கு காதை தள்ளிப் பாண்டியன் கேட்கப் போவதும் இதே குரலைத்தான். கணவனிடம் உண்மையைச் சொல்லத் தெரிந்தவளுக்கு அரசனிடம் சொல்வது பெரிய தாவல் இல்லை. என்னைக் கேட்டால் முன்னதுதான் கஷ்டம்.

பாத்திரம் வளரவில்லை என்று இனியும் சொல்வீர்களா தெரியவில்லை. ஊரை எரித்ததோடு அவள் முடிந்தும் போகவில்லை. வாழ்த்துக் காதையில் தெய்வ வடிவில் தோன்றி ‘தென்னவன் தீதிலன்… நான் அவன்தன் மகள்’ என்கிறாள். தான் வழக்குத் தொடுத்து வென்ற அரசனைத் தானே குற்றமற்றவன் என்கிறாள்! வீரத்தின் விளைநிலம் என்ற தலைப்புக்குள் இதை எப்படி அடக்குவது என்று உங்கள் மகளைக் கேளுங்கள்.

கோவலனுக்கும் இதே கதிதான், பெண்பித்தன் என்று ஒரே சொல்லில் கட்டிவிடுவோம். மதுரைக்கு வரும் வழியில், புறஞ்சேரி இறுத்த காதையில், மாதவியின் ஓலை அவன் கைக்கு வருகிறது. குலமகளோடு இரவில் ஊரை விட்டுப் போகும்படி நான் என்ன பிழை செய்தேன் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். படித்துவிட்டுத் தவறு அவளுடையது இல்லை, ‘என் தீது’ என்று உணர்கிறான். அப்புறம் அவன் செய்வதுதான் விசித்திரம். அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் சேர்த்துவிடச் சொல்கிறான், சொற்கள் தனக்கும் பொருந்துகின்றன என்று. காதலி எழுதிய மன்னிப்புக் கடிதம் மகன் எழுதிய மன்னிப்புக் கடிதமாக வீடு போய்ச் சேர்கிறது. மன்னிப்புக் கேட்கக்கூட அவனுக்குச் சொந்தமாகச் சொல் இல்லை என்றும் படிக்கலாம், குற்றத்தை முழுதாக ஏற்ற மனம் என்றும் படிக்கலாம். ‘மாசறு பொன்னே’ என்று கொட்டியவனுக்கு இந்த நிலை என்பதால் நான் முதல் கட்சி.

சரி, கருப்பொருள். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், உரைசால் பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும். பதிகம் சொல்கிறது, உண்மைதான். பதிகமே இளங்கோ எழுதியதா என்று அறிஞர்களுக்குள் சண்டை உண்டு, அதை விடுங்கள். முதல் கருத்தும் மூன்றாம் கருத்தும் ஒன்றோடொன்று மோதுகின்றனவே, அது உங்களுக்கு உறுத்தவில்லையா? எல்லாம் ஊழ் என்றால் பாண்டியன் மீது என்ன குற்றம்? பாண்டியன் குற்றவாளி என்றால் ஊழுக்கு என்ன வேலை?

கோவலனைக் கொல்லச் சொல்லிப் பாண்டியன் ஆணையிடும் இடத்தைப் பாருங்கள். ஆடல் மகளிரை அரசன் ரசித்ததில் கோபித்துத் தலைவலி என்று எழுந்து போய்விட்டாள் அரசி. அவளைச் சமாதானப்படுத்த அவசரமாகப் போகிறான். வழியில் பொற்கொல்லன், அரசியின் சிலம்பைத் தான் திருடிவிட்டுப் பழியைக் கோவலன் மேல் போடுகிறவன். ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்று ஊழின் மேல் பழியைப் போட்ட அதே மூச்சில் ‘தேரான் ஆகி’, அதாவது ஆராயாதவனாகி, என்று அரசன் மேலும் போடுகிறார் கவி. ஊழ், ஊடல், திருடன் பேச்சு, அரசனின் அவசரம் எல்லாம் ஒரு வாசலில் நெரிகின்றன. எது காரணம் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அதைத்தான் ஆராய வேண்டும்.

மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் சொல்லும் முற்பிறவிக் கதையையும் ஊழுக்குச் சான்று என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். அந்தக் கதையில் கோவலன் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லி அரசனிடம் மாட்டிவிட்டுக் கொல்ல வைத்தவன். அப்படியானால் போன பிறவியில் பொற்கொல்லன் வேடம் இவனுடையது. சங்கமன் மனைவி நீலி ‘அரசர் முறையோ பரதர் முறையோ’ என்று தெருத் தெருவாகக் கேட்டுப் பதினான்கு நாள் அலைந்து, மலையேறி விழுந்து செத்தாள். அவள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கண்ணகிக்கு வாயில்காவலன் கதவைத் திறந்துவிட்டான். ஊழ் பற்றிய கதைக்குள்ளேயே நீதி கேட்டு நின்ற இன்னொரு பெண்ணை வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வறுமையும் வெப்புநோயும் வந்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலி கொடுத்தான், மழை பெய்தது என்கிறது நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை. திருடியவன் ஒருவன். மீதி 999 பேரை எந்த அரசன் விசாரித்தான்? ஆராயாமல் ஒருவனைக் கொன்றதற்காக ஊர் எரிந்த நாட்டில், பரிகாரமும் ஆராயாமல்தான் நடக்கிறது. அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாவது பற்றி எழுதுகிறவர்கள் இதையும் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். நான் பார்த்த குறிப்புப் புத்தகம் எதிலும் இல்லை.

இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மகள் கேட்பாள். நான்கு, ஒன்பது, பதினாறு, இந்த மூன்று காதைகளையும் உரையோடு ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ‘கோவலன் இழப்ப’, ‘பீடன்று’, ‘வாயல் முறுவல்’ மூன்றையும் காதைப் பெயரோடு மேற்கோள் காட்டி எழுதட்டும். நீங்களும் கூட உட்காருங்கள், சந்தேகம் உங்களுடையது.