டவர் மாறுகிறது, ஐபி மாறுகிறதா? – வாசகர் கேள்வி பதில்

கே: விழுப்புரத்தில் ரயில் ஏறி தாம்பரம் வருவதற்குள் நாற்பது டவராவது மாறியிருக்கும். ஐபி முகவரி மட்டும் மாறவில்லையே, எப்படி?

ப: ஐபி, அதாவது இணையத்தில் உங்கள் போனின் முகவரி, நிற்பது டவரில் இல்லை; ஆபரேட்டரின் மைய கேட்வேயில், இணையத்துக்குப் போகும் வாசலில். 4ஜியில் அதன் பெயர் பிஜிடபிள்யூ, 5ஜியில் யூபிஎஃப். கேட்வேக்கும் டவருக்கும் நடுவே உங்கள் டேட்டா ஓடும் பாதைக்கு டனல் என்று பெயர். டவர் மாறும்போது அதன் உங்கள் பக்க முனை மட்டும் புது டவருக்குத் திருப்பப்படும். கேட்வே நின்ற இடத்திலேயே நிற்கும்.

கே: வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் கால் பேசிக்கொண்டே தெருவுக்கு வந்தால் சில வினாடி சத்தமே இல்லை.

ப: இங்கே ஐபி மாறுகிறது. புது முகவரியில் பாதையை ஆப்தான் மறுபடி கட்ட வேண்டும். அதைவிட, செத்துப்போன வைஃபையை போன் விடாமல் பிடித்திருக்கும் நேரம்தான் பெரும்பாலும் அதிகம். கேட்டைத் தாண்டுமுன் வைஃபையை அணையுங்கள்.

கே: ஹேண்ட்ஓவர் (ஒரு டவரிலிருந்தோ வைஃபையிலிருந்தோ இன்னொன்றுக்கு மாறுவது) சரியாக வரவில்லை. என்ன செய்ய?

ப: வைஃபையா, 5ஜியா? என்ன கருவி? ஐபி மாறியதா? இது எதுவும் இல்லாத கடிதத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. முதலில் ஐபியைப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.

கே: ஆபீஸில் மூன்று மாடி, 12 ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பெட்டி). எங்கும் சிக்னல் ஃபுல். ஆனாலும் மாடி ஏறினால் மீட்டிங் கால் அறுகிறது. இன்னும் நான்கு வாங்கலாமா?

ப: வாங்காதீர்கள். சிக்னல் எங்கும் ஃபுல்லாக இருப்பதுதான் உங்கள் நோயே. 4ஜி, 5ஜியில் கால் ஓடும்போது எப்போது மாறுவது என்று நெட்வொர்க் முடிவெடுக்கும். வைஃபையில் அந்த முடிவு லேப்டாப்பின் கையில். எல்லாவற்றையும் ஃபுல் பவரில் வைத்தால், மூன்றாம் மாடியிலும் தரைத்தளத்து ஆக்சஸ் பாயின்ட் அதற்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது ஏன் மாறப்போகிறது? ஆனால் லேப்டாப்பின் பலவீனமான சிக்னல் கீழே போய்ச் சேராது. கால் அறுவது அங்கேதான். நான் பார்க்கப் போகும் ஆபீஸ்களில் பாதிக்கு மேல் இதே கதை; பவரைக் குறைக்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, புதுப் பெட்டி வாங்கத்தான் ஓடுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பெட்டியின் பவரை 12–15 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) வைத்து, போனோடு நடந்து பாருங்கள். பழைய பெட்டியின் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்முக்கு இறங்கும் இடத்தில் அடுத்த பெட்டி அதே அளவில் கிடைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் பவரை இன்னும் குறையுங்கள். ஆபீஸ் லாகின் போட்டு நுழையும் வைஃபை என்றால் 802.11ஆர் ஆன் செய்யுங்கள்; பெட்டி மாறும்போது லாகின் சோதனையைச் சீக்கிரம் முடிக்கும் வசதி அது. பழைய கருவிகள் அதில் சேர்கின்றனவா என்று சோதித்துவிட்டு. இங்கேயும் ஐபியைப் பாருங்கள்: மாடிக்கு ஒரு சப்நெட் (தனி ஐபி வரிசை) போட்டிருந்தால், மாடி மாறியதும் முகவரியும் போச்சு.

கே: கல்லூரியில் படித்த மொபைல் ஐபி (நெட்வொர்க் மாறினாலும் ஐபியை மாறாமல் வைக்கும் முறை) எங்கே ஓடுகிறது?

ப: 1996-ல் தரமாக வந்தது. சிடிஎம்ஏ2000 என்ற 3ஜி நெட்வொர்க்கின் டேட்டாவில் ஓடியது. அதன் தம்பி பிராக்ஸி மொபைல் ஐபிவி6-க்கு 4ஜி தரத்திலேயே இடம் உண்டு. ஆனாலும் ஆபரேட்டர்கள் பெரும்பாலும் ஜிடிபியோடு, அதாவது முதல் பதிலில் சொன்ன டனல் முறையோடு, நின்றுவிட்டார்கள்.

கே: வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினால் விபிஎன் அறுகிறது.

ப: ஐகேஇவி2 வகை விபிஎன்னுக்கு மாறி, மோபைக் என்ற அதன் வசதியை உங்கள் கருவி, விபிஎன் சர்வர் என இரு பக்கமும் ஆன் செய்யுங்கள். ஐபி மாறினாலும் விபிஎன் டனல் நிற்கும். பழைய விபிஎன் வகையான எல்2டிபியில் இந்த வசதி கிடையாது.