வேலை பார்த்துக்கொண்டே, ஆசிரியர் இல்லாமல் தத்துவம் படிக்க எங்கே தொடங்குவது?

தத்துவ வரலாற்று நூலில் தொடங்காதீர்கள். யார் எந்த நூற்றாண்டில் என்ன சொன்னார் என்பது மனதில் நிற்கும், ஏன் சொன்னார் என்பது நிற்காது.

பண்டைய கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ எழுதிய 'யூதிஃப்ரோ' என்ற உரையாடல் நூலை எடுங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம். சொந்தத் தந்தை மீதே கொலை வழக்குத் தொடுத்திருக்கும் ஒருவரிடம், புனிதம் என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். தெய்வங்கள் விரும்புவதே புனிதம் என்கிறார் அவர். சரி, தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, அது புனிதமானது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த நாள் அதையே மறுத்து எழுதுங்கள். பலர் தாண்டிப் போவது இந்த வேலையைத்தான். உரையாடல் முடிவான விடை தராமலே நின்றுவிடும், எரிச்சல் வந்தால் நல்லதுதான்.

அப்புறம் பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட். 1641-இல் வெளிவந்த அவருடைய 'தியானங்கள்' (Meditations) நூலின் ஆறு பகுதிகளில் முதல் இரண்டு இப்போதைக்குப் போதும். கண்ணால் காண்பது கனவாக இருந்தால் என்ன என்ற சந்தேகம் அங்கே எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். அடுத்து, ஆங்கிலேயத் தத்துவவாதி ரஸ்ஸல் பொது வாசகர்களுக்காக எழுதி 1912-இல் வெளிவந்த அறிமுக நூல், 'The Problems of Philosophy'. எதிரே இருக்கும் மேசையின் உண்மையான நிறம் எது என்ற கேள்வியை வைத்தே முதல் அத்தியாயத்தை நகர்த்துகிறார்.

கான்ட், ஹெகல் போன்ற கடினமான ஜெர்மன் தத்துவவாதிகள் பக்கம் முதல் வருடம் போக வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். ஆனால் மூலத்தைப் படித்த பிறகே திறங்கள்.