கோபியும் மறுகாவும்

அன்புள்ள அக்கா,

'மெட்டி ஒலி' சீரியலை யூடியூபில் மறுபடி பார்க்கிறேன். அது ஓடிய நாளில் எனக்குப் பதினைந்து வயது. அதில் வரும் கோபி என்றால் உயிர். இப்போதும் அவன் வந்தால் நெஞ்சு படபடக்கிறது, வீட்டுக்காரர் சிரிக்கிறார். சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்தபோதுகூட கோபியின் கதை என்ன ஆயிற்றோ என்று யோசித்தேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சம். என் மகளுக்குப் பதின்மூன்று. கொரிய நடிகன் ஒருவனின் படத்தை அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். தடுப்பதா, விடுவதா? சீரியல்கள்தான் நம்மைக் கெடுத்தனவா?

ம., காரைதீவு

அன்புள்ள ம.,

சீரியல் கெடுத்ததா என்ற பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், அவரும் யாரோ ஒரு நடிகையின் படத்தைக் கொப்பிக்குள் வைத்திருந்தவராகத்தான் இருப்பார்.

ஆனால் முகாமில் நினைத்ததற்குக் கூச்சப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு உங்களை ஏச வேண்டும். 26 டிசம்பர் 2004, ஞாயிறு. வீடு இல்லை, கொப்பி இல்லை, யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. அந்த நேரத்தில் கடல் தொடாத ஒரே வீடு 'மெட்டி ஒலி'யின் அந்த அப்பாவும் ஐந்து மகள்களும் இருந்த வீடுதான். பதினைந்து வயதுப் பிள்ளை அங்கே போய் ஒதுங்கியதில் என்ன குற்றம்? இனி அதைக் கூச்சம் என்று எழுதாதீர்கள்.

நானும் கோபி கட்சிதான். தொடரை இயக்கிய திருமுருகனே கோபியாக நடித்தார் என்று தெரிந்த அன்று, ஏதோ என்னை ஏமாற்றிவிட்டது போல அழுதேன். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் டிஷ். அப்போது நம் இலங்கைக் கடிகாரம் இந்தியாவைவிட அரை மணி முந்தி ஓடியது (2006இல்தான் சரிசெய்தார்கள்). அதனால் நாடகம் நமக்கு அரை மணி பிந்தித்தான் முடியும். முடியும்போது அம்மா படலையடியில் நிற்பார், கையில் ஈர்க்குக்கட்டு.

என்னை உறுத்துவது வேறு. கோபி பேசியது நம் மட்டக்களப்புப் பேச்சு இல்லை. காதல் என்றால் சென்னைத் தமிழில்தான் வரும் என்று நாங்கள் நம்பிவிட்டோம். ரியூசனுக்கு ஒரு பெடியன் வருவான். ஒருநாள் என் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. குந்தியிருந்து, கையெல்லாம் கிறீஸ் கறுப்பாக, நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "ஒள்ளுப்பம் பொறுகா, மறுகா சேந்து போவம்." கொஞ்சம் பொறு, பிறகு சேர்ந்து போவோம் என்கிறான்; அந்தக் 'கா' நாம் உரிமையோடு கூப்பிடுவது. நான் சிரித்தேன். கூட நின்ற பெட்டைகளும் சிரித்தார்கள். 'மறுகா' என்று சொல்கிறவனை யார் காதலிப்பது?

இரண்டு கிழமை கழித்து வந்தான். "எப்படிங்க இருக்கீங்க? சாப்ட்டீங்களா?" என்றான். நாடகம் பார்த்துப் பழகியிருக்கிறான், பாவம். நான் இன்னும் கூடச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு எந்தத் தமிழிலும் பேசவில்லை.

செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில், தமிழின் பேச்சு வழக்குகளிலேயே எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புடையது என்று 1966இல் எழுதினார். பல்கலைக்கழகத்தில் அதை வாசித்தபோது எனக்கு அந்தக் கிறீஸ் கைதான் ஞாபகம் வந்தது. எங்கோ இருந்த ஒருவருக்குக் கேட்டது, பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. இன்றைக்கும் நம் பிள்ளைகள் கமெராவைக் கண்டால் 'வாங்க போங்க' என்று மாறிவிடுகிறார்கள். அறிவிப்பாளர்களும் அப்படியே. ஏன், இந்தப் பதிலில்கூட நான் ஒரு 'மறுகா'வை மேற்கோள் குறிக்குள்தான் வைத்திருக்கிறேன், பார்த்தீர்களா? இதற்கு யாரை ஏசுவது?

சரி, மகள். படத்தைக் கிழிக்காதீர்கள், அலுமாரிக் கதவுக்கு ஒன்றும் ஆகாது. அவள் கொரிய மொழியில் நாலு வார்த்தை பழகியிருப்பாள், என்ன என்று கேளுங்கள். அப்புறம் அந்த நடிகன் காரைதீவுச் சந்தியில் நின்று உன்னைக் கூப்பிட்டால் எப்படிக் கூப்பிடுவான் என்றும் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள் கா.