உட்கார்ந்து ஆடும் செஸ் எப்படி விளையாட்டாகும்? அதை ஆடுபவர் வீரரா?

என்னைக் கேட்டால், ஆம். எல்லோருக்கும் பொதுவான விதி, எதிரே ஒரு போட்டியாளர், அதிர்ஷ்டத்தை நம்பாமல் பயிற்சியாலும் திறமையாலும் வரும் முடிவு. இவை இருந்தால் அது விளையாட்டு. அதற்காகவே உடலையும் மனதையும் பழக்கி, போட்டியில் இறங்குபவர் விளையாட்டு வீரர்.

வியர்வையை மட்டும் அளவுகோலாக வைக்க முடியாது. மூட்டை தூக்குபவருக்கும்தான் வியர்க்கிறது, அது வேலை. துப்பாக்கி சுடுபவர் அசையாமல் நிற்கிறார். அது ஒலிம்பிக் போட்டி. நெருக்கடியில் தவறாமல் செய்யும் திறன்தான் இங்கே முக்கியம். வீட்டில் எல்லோரும் சமைக்கிறோம். ஆனால் முகூர்த்த நேரத்துக்குள் ஆயிரம் பேருக்கு ருசி மாறாமல் பந்தி போடுவதற்குக் கைப்பழக்கம் மட்டும் போதாது, தெம்பும் வேண்டும். செஸ்ஸும் அப்படித்தான்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியின் கடைசி ஆட்டத்தைப் பாருங்கள். பல மணி நேரம் தாக்குப்பிடித்த நடப்பு சாம்பியன், சீனாவின் டிங் லிரன், 55-வது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதைப் பிடித்துக்கொண்டு உலக சாம்பியன் ஆனார். டிங்குக்குத் தெரியாத ஆட்டமா அது? களைப்பும் அழுத்தமும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் செஸ் வீரர்களும் ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள்.

அரசும் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது: செஸ் ஆட்டக்காரர் மானுவல் ஆரோனுக்கு 1961-லேயே, விளையாட்டு வீரர்களுக்குத் தரும் அர்ஜுனா விருது கிடைத்தது.

அப்புறம், ஒலிம்பிக்கில் இருந்தால்தான் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். 1900-க்குப் பிறகு கிரிக்கெட்டுக்கு அங்கே 2028-ல்தான் மறுபடி இடம். நடுவில் அதை விளையாட்டு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.