டீலர் சொல்லும் விலையில் எது சேரவில்லை?

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறோம். சர்வரில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஓடுகிறது. டாலி கணக்கு சாஃப்ட்வேர், ஆர்டர் ஃபைல்கள் எல்லாம் அதில்தான், 20 பேர் பயன்படுத்துகிறோம், நாலைந்து பேர் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வருவார்கள். ஒரு டீலர் விண்டோஸ் சர்வர் 2016 மலிவாகத் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் லினக்ஸ் இலவசம் என்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: 2016 வேண்டவே வேண்டாம். அதற்கு இலவச பாதுகாப்பு அப்டேட் 2027 ஜனவரி 12 வரைதான். உங்கள் 2012 ஆர்2-வுக்கோ 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, தயவுசெய்து இனியும் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது அதைத் தடுக்கும் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது, அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. விண்டோஸ் சர்வர் 2022 எடுத்தால் 2031 அக்டோபர் வரை கவலையில்லை.

டாலி விண்டோஸில் ஓடுவது, அதனால் லினக்ஸுக்கு முழுசாக மாறுவது உங்களுக்குச் சரிவராது. வெறும் ஃபைல் பகிர்வு என்றால் உபுண்டு எல்டிஎஸ் என்ற லினக்ஸில் சம்பா என்ற ஃபைல் பகிர்வு சாஃப்ட்வேர் போட்டாலே போதும், ஆள் கணக்கில் லைசென்ஸ் கிடையாது, ஐந்து வருடம் அப்டேட்டும் இலவசம், ஆனால் கோளாறு வந்தால் பார்க்கத் தெரிந்த ஆள் ஊரில் இருக்க வேண்டும்.

சரி, விண்டோஸ்தான் என்றால் கொட்டேஷனை வரிவரியாகப் பிரித்துக் கேளுங்கள், ஏனென்றால் அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டாண்டர்ட் எடிஷனுக்கு லைசென்ஸ் கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கணக்கில், உங்கள் ப்ராசஸரில் 8 கோர்தான் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். அதற்கு மேல் சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் கிளையன்ட் அக்சஸ் லைசென்ஸ், அதாவது சிஏஎல். இரண்டு ஷிஃப்ட் ஆட்கள் ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் ஆள் கணக்கை விட மெஷின் கணக்கில் எடுப்பதுதான் லாபம். ரிமோட் டெஸ்க்டாப்பில் டாலி பார்ப்பவர்களுக்கு ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) சிஏஎல் என்று இன்னொன்று தனியாக வேண்டும், இதைப் பல டீலர்கள் சொல்வதே இல்லை, 120 நாள் சலுகைக் காலம் இருப்பதால் முதலில் எல்லாம் நன்றாக ஓடும், அப்புறம் ஒருநாள் காலையில் யாராலும் உள்ளே வர முடியாது. கிராக் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள், உங்கள் மொத்தக் கணக்கும் அந்த மெஷினில் இருக்கிறது.

வீட்டிலிருந்து வருபவர்களுக்கு விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனி வழி, வைத்துத் தரச் சொல்லுங்கள், ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைப்பது ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பலுக்குக் கதவைத் திறந்துவிடுவது. பழைய சர்வரை உடனே அழிக்காமல் நெட் இணைப்பைக் கழற்றி வையுங்கள், டாலி பேக்கப்பைப் புதியதில் ரீஸ்டோர் செய்து போன வருட லெட்ஜர் வரை சரியாக வருகிறதா என்று உங்கள் அக்கவுண்டன்ட் பார்த்த பிறகு அழிக்கலாம்.